ஜப்பானியக் கைவேலைக் கத்தி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படித் தீட்டுவது

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஜப்பானுக்குப் போகும் ஒருவர் கொல்லர் கையால் அடித்த சமையல் கத்தி ஒன்று வாங்கி வர நினைக்கிறார். செலவழிக்க 30,000 யென் இருக்கிறது. வீட்டில் காய்கறிதான் அதிகம், வாரக் கடைசியில் கோழியும் மீனும் உண்டு. கத்தியை மற்றவர்களும் எடுப்பார்கள். எதை வாங்குவது, வீட்டிலேயே தீட்ட முடியுமா?

தீட்ட முடியும், தீட்டத்தான் வேண்டும். அதனால் 30,000 யெனையும் கத்தியிலேயே போட்டுவிடாதீர்கள். கத்திக்கு 20,000, மீதி தீட்டும் கல்லுக்கு. கடையில் போட்டுக் கொடுத்த கூர் எவ்வளவு அருமையாக இருந்தாலும், நாள்தோறும் சமைக்கும் வீட்டில் அது ஓரிரு மாதம் தாங்கினாலே பெரிது. அதன்பின் அந்தக் கத்தி எப்படி வெட்டும் என்பது கல்லையும் உங்கள் கையையும் பொறுத்தது. சாதாரணக் கத்தி மழுங்கினால் அம்மி ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்துச் சமாளித்துவிடலாம். எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் உள்ள கத்தியை அப்படி இழுத்தால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பல் பல்லாகப் பெயரும். கல் வாங்க மனமில்லை என்றால் இந்தக் கத்தியும் வேண்டாம், நல்ல ஜெர்மன் கத்தி ஒன்று போதும்.

கைவேலை என்று விற்கப்படுவதில் என்ன அடங்கும் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஒசாகாவை ஒட்டிய சாகாய் நகரில் ஒரு கத்தி ஒரே ஆளின் வேலை அல்ல. கொல்லர் அடித்துப் பதம் வைப்பார், அதாவது சூடாக்கிக் குளிர்வித்து எஃகைக் கடினமாக்குவார். தீட்டுபவர் அலகை மெலிதாக்கிக் கூர் போடுவார். பிடி போடுவது இன்னொருவர். அலகில் வெட்டியிருக்கும் பெயர் பெரும்பாலும் விற்கும் நிறுவனத்துடையது. ஆகவே சாகாய்க் கத்தி என்றால் அடித்தது யார், தீட்டியது யார் என்று இரண்டையும் கேளுங்கள். சரக்கைத் தெரிந்து விற்கும் கடையில் பதில் கிடைக்கும். ஃபுக்குயியின் எச்சிசென், நீகாத்தாவின் சன்ஜோ, கோச்சியின் தோசா ஆகிய இடங்களில் அடிப்பது முதல் கூர் போடுவது வரை ஒரே பட்டறையில் முடிவது சகஜம். எச்சிசென் கத்தித் தொழிலுக்கு 1979-லும் சாகாய்க்கு 1982-லும் ஜப்பான் அரசு பாரம்பரியக் கைத்தொழில் என்ற தகுதி கொடுத்திருக்கிறது.

மின்சாரச் சம்மட்டி பயன்படுத்தினார்கள் என்பதால் கைவேலை இல்லை என்று ஆகிவிடாது. இன்று ஏறக்குறைய எல்லாப் பட்டறைகளிலும் அது இருக்கிறது. நடுவில் கடின எஃகும் இருபுறமும் மென்மையான இரும்பும் ஒட்டிய தகட்டை ஆலையிலிருந்து வாங்கி அடிப்பவர்கள் உண்டு. உலையிலேயே தாமே ஒட்டுபவர்களும் உண்டு. இரண்டிலும் நல்ல கத்தி வரும். வெட்டும் தரத்தைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: பதம் சரியாக விழுந்ததா, வாய்க்கு மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது. முன்னதைக் கண்ணால் பார்க்க முடியாது, அதற்குப் பட்டறையின் பெயரை நம்ப வேண்டியதுதான். பின்னதைக் கடையிலேயே பார்த்துவிடலாம்.

அலை அலையாக ஓடும் டமாஸ்கஸ் வரிகளுக்கு வெட்டுவதில் ஒரு பங்கும் இல்லை. அவை பக்கத் தகட்டின் அழகு மட்டுமே. வெட்டுவது நடு எஃகு. சம்மட்டித் தழும்புகளும் அப்படித்தான், பலவற்றில் அவை எந்திரம் அச்சுப்போல் பதித்தவை. அதே பணத்தில் வரியில்லாத, உலைக் கருமை அப்படியே விட்ட கத்தியை எடுத்தால் அடித்தவரின் நேரம் மெருகில் போகாமல் வாயில் போயிருக்கும். இணைய விளம்பரத்தில் ஜப்பானிய பாணி என்று வரும் கத்திகளை ஒதுக்குங்கள். எந்த எஃகு என்று பெயர் சொல்லாமல் வெறுமனே உயர் கார்பன் எஃகு என்று எழுதியிருந்தாலோ, எந்த ஊரில் செய்தது என்று இல்லாவிட்டாலோ அது கொல்லர் பட்டறைக் கத்தி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

எஃகுக்கு வருவோம். ஷிமானே மாநிலத்தின் யசுகி ஆலை எஃகுகள்தான் கார்பன் கத்திகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பவை. ஹிட்டாச்சி மெட்டல்ஸ் என்று இருந்த அந்த நிறுவனம் 2023 முதல் புரோடீரியல் என்ற பெயரில் இயங்குகிறது. வெள்ளைத்தாள் 2 என்னும் ஷிரோகாமியில் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம், வேறு கலப்பு அநேகமாக இல்லை. கல்லில் மிகச் சீக்கிரம் கூர் ஏறும் எஃகு இது. நீலத்தாள் 2, அதாவது அவோகாமியில், கார்பன் அதே அளவு. கூடவே 1 முதல் 1.5 சதவீதம் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும். கூர் இன்னும் சற்று நாள் நிற்கும், தீட்ட சற்று நேரம் கூடும். நீலத்தாள் சூப்பரில் கார்பன் 1.4 முதல் 1.5 சதவீதம். இவை மூன்றும் துருப்பிடிக்கும். வெங்காயம் நறுக்கினால் அலகு நிறம் மாறும். எலுமிச்சை, மாங்காய், தக்காளி பட்டால் சில நிமிடத்தில் சாம்பல் படரும். அந்தச் சாம்பல்நீலப் படலம் கெடுதல் இல்லை, அது துருவைத் தடுக்கும். சிவந்த துரு வேறு. நனைந்த கத்தியைச் சிங்க்கில் போட்டு அரை மணி நேரம் விட்டால் அது வந்துவிடும்.

மற்றவர்களும் எடுக்கும் வீட்டில் இந்த ஒழுக்கத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. அதனால் இந்தக் கேள்விக்கு என் பதில் கின்சான், அதாவது வெள்ளி 3. இதுவும் யசுகி எஃகுதான். குரோமியம் 13 முதல் 14.5 சதவீதம் இருப்பதால் துரு எளிதில் பிடிக்காது. ஆனால் கல்லில் வைத்தால் கார்பன் எஃகின் உணர்வுக்கு மிக அருகில் இருக்கும். எச்சிசெனின் தக்கெஃபு ஸ்பெஷல் ஸ்டீல் தயாரிக்கும் விஜி-10-ம் துருப்பிடிக்காத வகைதான், எங்கும் கிடைக்கும். கெட்டதல்ல, ஆனால் தீட்டும்போது பிசிறு, அதாவது வாய் ஓரத்தில் மடிந்து நிற்கும் எஃகு இதழ், சீக்கிரம் விடாது. புதிதாகக் கற்பவரை அது சோதிக்கும். கார்பன் எஃகுதான் வேண்டும் என்று மனம் இழுத்தால், நடுவில் நீலத்தாளும் பக்கங்களில் துருப்பிடிக்காத எஃகும் உள்ள கத்தியைக் கேளுங்கள். வாய் ஓரத்தில் சில மி.மீ. மட்டும்தான் அப்போது கவனிக்க வேண்டியிருக்கும்.

வடிவம்: எல்லா வேலைக்குமான குட்டையான 180 மி.மீ. சந்தோக்கு அல்லது நீண்ட 210 மி.மீ. கியூத்தோ. பலகை சிறியது, சமையலறை குறுகல் என்றால் முதலாவது. கோழியும் மீனும் அடிக்கடி என்றால் நுனி கூராக நீண்ட இரண்டாவது. நக்கிரி காய்கறிக்கு அருமை. வாய் நேராக இருப்பதால் கீரையும் முட்டைக்கோஸும் அடியில் நூலாக ஒட்டிக்கொள்ளாமல் முழுதாக வெட்டுப்படும். ஆனால் நுனி இல்லாததால் கோழியின் மூட்டைத் தேடிப் பிரிக்க உதவாது. யனகிபா, உசுபா, தெபா போன்ற, ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டிய கத்திகளை முதல் கத்தியாக எடுக்கவே வேண்டாம். வெங்காயத்தில் நேராக இறங்காமல் ஒருபக்கமாக இழுத்துப் போகும். தீட்டும் முறையும் முற்றிலும் வேறு. இடக்கைக்காரர் என்றால் அவற்றைத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், விலையும் கூடும்.

கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் செய்ய வேண்டியது இது. பிடிப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி முதுகு வழியே நுனி வரை பாருங்கள்: வளைவு தெரிகிறதா, அலகு முறுக்கியிருக்கிறதா. பிறகு வாயை மேலே திருப்பி அதேபோல் பாருங்கள். அடுத்து குதிப்பக்கம், அதாவது பிடியை ஒட்டி அலகு முடியும் இடத்தை உங்கள் முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். அங்கே அலகின் குறுக்குவெட்டு ஒரு மெல்லிய ஆப்பு மாதிரி தெரியும். முதுகில் 2 முதல் 3 மி.மீ. இருப்பது வாயை நெருங்கும்போது அரை மில்லிமீட்டருக்கும் கீழாகக் குறைந்திருக்க வேண்டும். வாய்க்கு மேலே தோள்போல் தடித்திருந்தால் எந்த எஃகாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். கேரட்டை அது வெட்டாது, பிளக்கும். கடைசியாக ஒரு சமதளத்தில் வாயை வைத்துப் பின்னாலிருந்து வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். நுனிப்பக்கம் வளைந்து மேலே ஏறுவது வடிவம். நேராக இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே பள்ளம், வெட்டும்போது அந்த இடத்தில் நார் விட்டுப்போகும்.

பிடி எண்கோண மரமாக இருந்தால் கழுத்துப்பட்டையும் மரமும் சேருமிடத்தில் இடுக்கு இருக்கிறதா பாருங்கள். அலகு பிடிக்குள் நுழையும் துளையில் இடைவெளி இருந்தால் தண்ணீர் இறங்கி உள்ளே துருவேறும். தேன்மெழுகு உருக்கி அடைத்தால் போதும். முதுகின் விளிம்பு கைக்குக் கூர்மையாகப் பட்டால் அது விலை குறைந்த கத்திகளில் வழக்கம், நீங்களே வாட்டர் பேப்பரால் மழுப்பிக்கொள்ளலாம்.

வாங்கும் இடம் என்று பார்த்தால் தோக்கியோவில் கப்பபாஷித் தெரு. ஊயெனோவுக்கும் அசாகுசாவுக்கும் நடுவில், சமையல் பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஒசாகா போனால் சாகாய்க்கே போய்விடுங்கள், நகரத்தின் பாரம்பரியத் தொழில் அருங்காட்சியகத்தில் பல பட்டறைகளின் கத்திகளை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எச்சிசெனில் தக்கெஃபு கத்திக் கிராமத்தில் அடிப்பதையே பார்க்கலாம். வாங்கிய கத்தியைப் பெட்டி பிரிக்காமல் விடுதிக்குக் கொண்டுபோங்கள். ஜப்பானில் 6 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள கத்தியைத் தகுந்த காரணமில்லாமல் உடன் வைத்துத் திரிவது குற்றம். விமானத்தில் கைப்பையில் அனுமதி கிடையாது, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டியவை சில. தேங்காய், எலும்பு, உறைந்த இறைச்சி, மீன் தலை எதுவும் இதில் வேண்டாம். வஞ்சிரத் துண்டை மீன்கடையிலேயே போட்டு வாங்குங்கள். முருங்கைக்காயைப் பாதி வெட்டி, நாரைக் கத்தியோடு சேர்த்துப் பிடித்து இழுத்து உரிக்கும் பழக்கம் நம் கைகளில் ஊறிப்போனது. அந்த இழுப்பில் வாய் பக்கவாட்டில் திருகப்படுகிறது, கடின எஃகில் சில்லு பெயர்வது அங்கேதான். பூசணியில் பாதி இறங்கிய கத்தியை ஆட்டி ஆட்டி எடுப்பதும் அதே ரகம். சேனைக்கிழங்கை மண் போகக் கழுவித் தோலை வேறு கத்தியால் சீவியபின் இதைத் தொடுங்கள், ஒட்டியிருக்கும் மணல் கூரைத் தின்றுவிடும். கிரானைட் மேடை, கண்ணாடிப் பலகை, எவர்சில்வர் தட்டு இவற்றின் மேல் வைத்து வெட்டக் கூடாது. நறுக்கியதைக் கத்தியின் வாயால் வழிக்காமல் கத்தியைத் திருப்பி முதுகால் வழியுங்கள். இந்த ஒரே பழக்கம் கூரின் ஆயுளைக் கண்கூடாகக் கூட்டும்.

இனி கல். கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைக் காட்டும் எண், எண் கூடக் கூடக் கல் மென்மையாகும். 1000 கிரிட் கல் ஒன்று கட்டாயம். அதற்கு மேல் 3000 அல்லது 4000 போதும். 6000, 8000 என்று மெருகேற்றினால் முடி மழிக்கும், ஆனால் தக்காளித் தோல் மேல் வழுக்கும். காய்கறிக்குக் கொஞ்சம் சொரசொரப்பு இருப்பதுதான் நல்லது. 1000-ம் 3000-ம் இருபுறமும் ஒட்டிய சுயெஹிரோ கல் ஆரம்பத்துக்குப் பொருத்தம். ஷாப்டன் குரோமாக்கு 1000 வேகமாகத் தின்னும், மேலே தண்ணீர் தெளித்தாலே வேலை செய்யும், ஊறப்போடக் கூடாது. கிங் வகைக் கல் தண்ணீரில் குமிழ் நிற்கும்வரை, ஏறத்தாழ 10 நிமிடம், ஊற வேண்டும். நனிவாவின் சொசெரா போன்ற மக்னீசியாக் கற்களை ஊறவிட்டால் நாளடைவில் வெடிக்கும். எந்தக் கல்லானாலும் வேலை முடிந்ததும் நிழலில் காயவையுங்கள், வெயில் வேண்டாம்.

ஈரத்துணியை மடித்து அதன்மேல் கல்லை வைத்து, இடுப்பு உயரத்தில் நின்று வேலை செய்யுங்கள். தீட்டுவதற்கு முன் பெர்மனன்ட் மார்க்கரால் வாய் ஓரத்தில் இருபுறமும் கோடு போடுங்கள். வாய் உங்களைப் பார்க்க, அலகின் வலப்புறம் கல்லில் படும்படி, கல்லுக்குக் குறுக்கே ஏறத்தாழ 45 டிகிரி சாய்த்து வையுங்கள். இப்போது முதுகைத் தூக்க வேண்டும். 45 மி.மீ. உயரமுள்ள அலகில் ஒரு பக்கத்துக்கு 15 டிகிரி வேண்டுமென்றால் முதுகு கல்லிலிருந்து 11 முதல் 12 மி.மீ. உயர்ந்திருக்கும், 50 மி.மீ. அலகில் 13. பெரும்பாலானவர்களுக்குச் சுண்டுவிரல் நுனி கிட்டத்தட்ட இந்த உயரம், அதை அடியில் செருகிப் பார்த்து உயரத்தைக் கைக்குப் பழக்குங்கள்.

வலக்கை பிடியைப் பிடிக்கும், ஆட்காட்டி விரல் முதுகில் இருக்கும். இடக்கையின் இரண்டு மூன்று விரல்கள் வாய்க்குச் சற்று மேலே அழுத்தும். விரல் எங்கே அழுத்துகிறதோ அங்கேதான் எஃகு தேயும்; மற்ற இடம் கல்லில் பட்டுப்போகிறது, அவ்வளவே. எனவே நுனி, நடு, குதி என்று விரலை நகர்த்தி நகர்த்தி வேலை செய்யுங்கள். முதுகு முன்னே செல்ல வாய் பின்தொடரும் திசையில் மட்டும் அழுத்தம். வாய் உங்களைப் பார்க்கும்போது தள்ளுகையில் அழுத்துங்கள், திரும்பும்போது சும்மா வரட்டும். அடுத்த பக்கத்துக்குத் திருப்பினால் வாய் வெளியே பார்க்கும், அப்போது இழுக்கையில் அழுத்தம். எவ்வளவு அழுத்துவது என்று தெரியாவிட்டால் சமையல் தராசின் மேல் கல்லை வைத்து முள்ளைப் பூஜ்யமாக்கி அழுத்திப் பாருங்கள். ஆரம்பத்தில் 1 கிலோ அளவு, முடிக்கும்போது 200 கிராம்.

பத்து தள்ளுக்குப் பின் மார்க்கர் கோட்டைப் பாருங்கள். மேல்பகுதி அழிந்து வாயின் ஓரத்தில் மை மிச்சமிருந்தால் முதுகை மிகவும் தாழ்த்திவிட்டீர்கள். வாயின் ஓரத்தில் மட்டும் அழிந்து மேலே மை இருந்தால் முதுகை அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள். நுனி வளைவு வரும்போது பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால்தான் அதே சாய்வு நிற்கும். புதியவர்களின் கத்தியில் நுனி மட்டும் மொண்ணையாக இருப்பதற்கு இதுதான் காரணம். கல்லின் மேல் சேரும் சாம்பல் சேற்றைக் கழுவிவிடாதீர்கள், அதுவும் சேர்ந்துதான் தேய்க்கிறது. காய்ந்தால் மட்டும் துளி நீர் தெளியுங்கள்.

எத்தனை தள்ளு என்று எண்ணிப் பயனில்லை. பிசிறு எழும்பும்வரை செய்ய வேண்டும். ஒரு பக்கம் தேயத் தேய, வாயின் ஓரத்தில் எஃகு மெல்லிய இதழாக மறுபக்கம் மடிந்து நிற்கும். கட்டைவிரல் சதையை முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளிப்புறமாகத் தடவினால் நகத்தில் சுரண்டுவதுபோல் ஒரு தடை தெரியும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டக் கூடாது. குதியிலிருந்து நுனிவரை இடைவிடாமல் அந்தத் தடை தெரிந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் மூன்று செ.மீ. தெரியவில்லையென்றால் அந்த மூன்று செ.மீ.யில் கூர் இன்னும் வாய்வரை எட்டவில்லை. அங்கே மட்டும் விரலை வைத்துத் தொடருங்கள். முதல் தடவை ஒரு பக்கத்துக்கே பத்து நிமிடம் ஆகலாம். பிறகு திருப்பி மறுபக்கமும் அப்படியே.

இருபுறமும் பிசிறு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தீட்டிய அன்று தாளை அழகாக வெட்டிய கத்தி மறுநாளே மழுங்கியது என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. அன்று வெட்டியது கூர் அல்ல, நிமிர்ந்து நின்ற பிசிறு. இரண்டு வெங்காயத்தில் அது மடிந்துவிடும். அதனால் 1000 கல்லிலேயே பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்துக்கொண்டே, அழுத்தத்தையும் கத்தியின் எடை அளவுக்குக் குறைத்து மாற்றி மாற்றி இழுங்கள். பிறகு 3000-ல் மறுபடி இரு பக்கமும், மறுபடி அதே குறைப்பு. இறுதியாக ஒரு கார்க்கில் அல்லது மென்மரத் துண்டில் வாயை லேசாகக் குறுக்கே ஒருமுறை இழுத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சப் பிசிறு கழன்றுவிடும். கல்லின் மேல் செய்தித்தாளை விரித்து, முதுகு முன்னே போகும்படி பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு. விளக்குக்கு நேராக வாயை மேலே தூக்கிப் பாருங்கள்: கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. எங்கே வெள்ளைப் புள்ளியாக மின்னுகிறதோ அங்கே இன்னும் மொண்ணை அல்லது பிசிறு. செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டும்போதும் அதே இடத்தில்தான் சிக்கும். தக்காளியின் மேல் கத்தியை வைத்து அழுத்தாமல் இழுங்கள், தோல் தானாகத் திறக்க வேண்டும்.

மற்றவர்களும் எடுக்கும் கத்தியில் ஒரு காப்பு வேலை செய்யலாம். எல்லாம் முடிந்தபின் முதுகை இன்னும் 3, 4 மி.மீ. கூடுதலாகத் தூக்கி, 3000 கல்லில் இறகு தொடுவதுபோல் பக்கத்துக்கு இரண்டே இழுப்பு. கண்ணுக்குத் தெரியாத அளவில் வாய் தடிக்கும். கூரில் இழப்பு மிகக் குறைவு, சில்லு பெயர்வது வெகுவாகக் குறையும். புதுக் கத்தியில் முதல் வாரமே நுண்ணிய சில்லுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கடைக்கூர் சில சமயம் மிக மெல்லிதாக இருக்கும், ஒன்றிரண்டு முறை தீட்டியதும் வாய் உறுதியாகும்.

கல் நடுவில் குழிந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது, வாய் உருண்டுவிடும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, சமமான கண்ணாடியில் விரித்த 120 வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டு, கோடுகள் முழுதும் அழியும்வரை தேயுங்கள். இரண்டு முறை தீட்டினால் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். வைரத் தகடு இருந்தால் ஒரு நிமிட வேலை. பல்லுப் பல்லான எஃகுக் கம்பியும், இரண்டு சக்கரத்துக்கு நடுவே இழுக்கும் சிறு கருவியும் இந்தக் கத்திக்கு ஆகாது, இரண்டுமே வாயைப் பிய்க்கும். தெருவில் வரும் சாணைக்காரரிடமும் கொடுக்காதீர்கள். அவர் கைத்திறனில் குறையில்லை; சக்கரம் தண்ணீரில்லாமல் வேகமாகச் சுழல்கிறது. கார்பன் எஃகைப் பதம் இறக்கும் சூடு ஏறத்தாழ 150 முதல் 200 டிகிரிதான். மெல்லிய வாய் ஒரு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும், அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

ஐந்தாறு முறை தீட்டியபின் ஒரு மாற்றம் தெரியும். தாளை வெட்டும், ஆனால் கேரட்டில் இறங்கும்போது டப்பென்று பிளக்கும். கூர் குறையவில்லை. ஒவ்வொரு முறையும் வாய் மேலேறி, அலகின் தடித்த பகுதிக்கு வந்துவிட்டது. இங்கேதான் பெரும்பாலான ஜப்பானியக் கத்திகள் வீணாகின்றன, வைத்திருப்பவர் எஃகையே குறை சொல்லிக்கொண்டிருப்பார். செய்ய வேண்டியது மெலிதாக்குவது: முதுகை 4 மி.மீ. மட்டும் தூக்கி, ஏறத்தாழ படுக்கையாக, 220 முதல் 400 கிரிட் கல்லில் வாய்க்கு மேலே ஒரு செ.மீ. அகலத்தை இருபுறமும் சமமாகத் தேய்க்க வேண்டும். வாயைத் தொடுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுங்கள். அலகில் கீறல் விழும், அழகு போகும். 1000 கல்லிலும் பிறகு மெல்லிய வாட்டர் பேப்பரிலும் தேய்த்தால் ஓரளவு மறையும். அழகுக்குப் பயந்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு வழக்கம்போல் 1000, 3000.

சில்லு அரை மி.மீ.க்குள் என்றால் தனியாக எதுவும் வேண்டாம், அடுத்த சில தீட்டலில் கரைந்துவிடும். ஒரு மி.மீ.க்கு மேல் போயிருந்தால் அதே 220 கல்லில் அலகை 45 டிகிரிக்குத் தூக்கி, சில்லின் அடிவரை முழு வாயையும் சமமாகக் கீழிறக்க வேண்டும். சில்லு உள்ள இடத்தில் மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழுந்து பலகையில் வாய் படாது. அது மறைந்ததும் மேலே சொன்னபடி மெலிதாக்கி, பிறகு கூர் போடுங்கள். பிடித்த துருவைச் சமையல் சோடாவைக் குழைத்துக் கார்க்கால் தேய்த்தால் எடுத்துவிடலாம். கார்பன் கத்தியைப் பல நாள் எடுக்கப்போவதில்லை என்றால் ஜப்பானியர் பூசும் காமெலியா எண்ணெயோ உணவுத்தர மினரல் எண்ணெயோ ஒரு துளி தடவி வையுங்கள். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் காலப்போக்கில் பிசுபிசுத்து நாறும்.